பால் சர்க்கரை தொடாத கிருமி

என் தங்கைக்குப் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருந்தால்தான் தொண்டையில் இறங்கும். ஆற்றிக் கொடுப்பது என் வேலை. அப்பா அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

நான் லேபில் கிருமிகளை அடையாளம் பார்க்கிறவன். கிருமிக்கு முகம் கிடையாது சார். எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்பதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். சிவப்புத் திரவம் ஊற்றிய குழாய்களில், குழாய்க்கு ஒரு சர்க்கரை போட்டுக் கிருமியை விடுவோம். தின்றால் புளித்து மஞ்சளாகும். குடலில் சாதுவாகக் கிடக்கிற கிருமி பால் சர்க்கரையை, அதாவது பாலிலேயே இருக்கிற லாக்டோஸை, ஒரு கை பார்த்துவிடும். டைபாய்டு அதைத் தொடாது. குளுக்கோஸை, ஒரு வாயுக் குமிழிகூட விடாமல், கமுக்கமாகத் தின்னும். அதன் அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

தங்கைக்குக் கப்பல் சமையலறையில் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. சமையல் வேலை என்பதால் மலப் பரிசோதனை கேட்டார்கள்.

"தினம் போன் பண்றேன். அதுக்குள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே அண்ணா," என்றாள்.

அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். கதவை நானே பூட்டி, நானே திறந்து, விளக்கையும் நானே போட வேண்டும்.

அவள் மாதிரியில் பால் சர்க்கரைக் குழாய் பளிச்சென்று மஞ்சளாயிற்று. டைபாய்டு என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பொய் ரிப்போர்ட் எழுதி எனக்குப் பழக்கமில்லை. "மாதிரி பத்தலை, பிறகு இன்னொண்ணு கொடு" என்றேன். வாயால் சொன்னது ரிப்போர்ட்டில் சேராது.

ஒப்பிட்டுப் பார்க்க லேபில் டைபாய்டு கிருமியை உயிரோடு வைத்திருப்போம். அன்று பாலை வழக்கத்தைவிட நன்றாகவே ஆற்றினேன்; சூட்டில் அது செத்துவிடும்.

"இன்னிக்கு என்ன அண்ணா, சர்க்கரை தூக்கலா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள்.

அடுத்த மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமி பால் சர்க்கரையைச் சீண்டவே இல்லை. குழாய் சிவப்பாகவே நின்றது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவளை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. காய்ச்சல் மருந்துக்கு அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். அது குடலைப் பொத்தலாக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க லேப்ல தப்பா பாத்திருப்பாங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நானே பாத்தேன்" என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினாள். பிறகு திறக்கவில்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேண்டுமானால் வேறு லேபில் கொடுத்துப் பாருங்கள். அவசரமில்லை சார், மெதுவாகவே எழுதுங்கள். வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை.