அக்கா என்ற கணக்கு

திரையில் கீழே இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டிய பட்டியல் எனக்குப் பிடிக்காது. எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருளை நான் வாங்கியபோது நீ பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர் மாறிவிட்டது, மென்பொருள் மட்டும் அதேதான். வீட்டில் எல்லோரும் என்னை ஆடிட்டர் என்று கேலி செய்வீர்கள். டயர் கிடங்கில் சரக்கு இருப்பு பார்க்கிறவனுக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் உள்ளூர எனக்குப் பிடித்திருந்தது.

நேற்று போனில் கேட்டாய். "மாமா, அம்மா உங்ககிட்ட பணம் குடுத்து வெச்சிருந்தாங்களாமே? லாண்டரியில அம்மாகூட வேலை பார்த்தவங்க சொன்னாங்க. நிஜமா?" பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பாடம். நீ எதிரில் வந்து உட்கார்ந்தால் என் வாய் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா இறந்த பிறகு காப்பீட்டுப் பணம் வந்தது. அக்கா அதை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "நீயே வெச்சுக்கடா. என் கையில இருந்தா தண்ணியா ஓடிடும். அவ படிப்பு, என் உடம்புன்னு ஏதாவது வந்தா கேக்கறேன்" என்றாள். வங்கியில் என் பெயரிலேயே போட்டேன். என் பணத்தோடு கலந்துவிடக் கூடாது என்று மென்பொருளில் 'அக்கா' என்று தனியாக ஒரு கணக்கு திறந்தேன். வட்டி வரும்போது அவள் பங்கைப் பைசா பிசகாமல் அதில் ஏற்றினேன். உன் படிப்புக்குக் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். அதுவரை நான் யோக்கியன்.

நீ படிப்பை முடித்த வருஷம் பட்டியல் ரொம்ப நீண்டுவிட்டது. எப்போதோ மூடிய வங்கிக் கணக்குகள், அடைத்து முடித்த ஸ்கூட்டர் கடன், என் பையனின் விடுதிச் செலவு, எல்லாம் அடைசலாகக் கிடந்தன. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒழித்துக்கட்டினேன். அழிக்கக்கூடத் தேவையில்லை. 'மறை' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் டிக் போட்டால் கணக்கு கண்ணில் படாது. மளமளவென்று போட்டுக்கொண்டே வந்ததில் அக்கா கணக்கிலும் டிக் விழுந்துவிட்டது. அது கைத்தவறுதான். மறுநாளே கவனித்தேன். எடுக்கவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். இந்த மென்பொருளில் மறைத்த கணக்கு பட்டியலில் வராதே தவிர, அடியில் வரும் மொத்தத்தில் சேர்ந்தே இருக்கும். அக்காவின் பெயர் போய், பணம் மட்டும் என் மொத்தத்தில் நின்றது. அந்த எண் பார்க்க நன்றாக இருந்தது. கிடங்கில் முதலாளி நாலு பேர் முன்னால் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிய நாட்களில், வீட்டுக்கு வந்ததும் அதைத் திறந்து பார்ப்பேன். நானும் ஒன்றும் சோடை இல்லை என்று தோன்றும். அதிலிருந்து ஒரு காசு செலவழிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது. செலவழித்திருந்தால், பின்னால் அக்கா வந்து கேட்டபோது இல்லை என்று காட்டியதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

நீ வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் அக்கா வந்தாள். மாடிப்படி ஏறியதற்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவகிட்ட சொல்லிடாதே, இப்பத்தான் வேலைக்குப் போயிருக்கா. படிப்புக்கு எடுத்தது போக என் பணம் ஏதாவது மிச்சம் இருக்காடா?"

இல்லை என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினேன். பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துத் தேடினாள். விரல் கடைசியில் மொத்தத்தில் வந்து நின்றது. அவள் பணம் அங்கேதான் இருந்தது, முழுசாக. "சரி விடு, அப்பவே கரைஞ்சிருக்கும். நீ எழுதி வெச்சா தப்பாவா இருக்கும்" என்றாள். என் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே சமாதானம் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனாள்.

இலவச மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து மென்பொருளைத் திறப்பேன். அவள் பணத்தைக் கொடுத்துவிட்டால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கழித்துப் பார்ப்பேன். அந்தச் சின்ன எண் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணம் இருக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. முறை வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

வண்டி, பூ, நாற்காலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று சாவுச் செலவு முழுவதையும் நானே பார்த்துக்கொண்டேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன மாமா பண்ணியிருப்பேன்" என்று நீ அழுதாய். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. வீட்டுக்குப் போய் அக்கா கணக்கிலிருந்த டிக்கை எடுத்தேன். ரசீதுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் செலவையெல்லாம் அதில் எழுதினேன். அவள் செலவு அவள் கணக்கில்தான் வர வேண்டும். நீ எனக்குச் சொன்ன நன்றி உன் அம்மாவுக்குச் சேர வேண்டியது.

அதற்கு மேலும் மீதி இருந்தது. இரண்டு ஆபரேஷன் செய்திருக்கலாம். ஆள் இல்லாத கணக்கைத் திறந்து வைத்திருப்பது ஒழுங்கில்லை என்று மூடப் போனேன். இருப்பு பூஜ்யம் ஆனால்தான் மூட முடியும். மீதியை என் கணக்குக்கு மாற்றினேன். இது எந்த வகையில் வந்தது என்று மென்பொருள் கேட்டது. பதில் சொல்லாமல் விடாது. கடன் என்று போட்டால் யாருக்காவது திருப்பித் தர வேண்டியிருக்கும். வருமானம் என்று போட மனசு கூசியது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அன்பளிப்பு என்று போட்டேன். கேட்டிருந்தால் அக்காவே அதைத்தான் சொல்லியிருப்பாள்.