யாரும் பயன்படுத்தறதில்ல

அதெல்லாம் அப்புறம் சொல்றேன், முதல்ல பூட்ஸக் கழட்டு. தரையெல்லாம் பனித்தண்ணி. வாசல்ல வழுக்கிட்டியா? ஆமா, படி இருந்த எடத்துல இப்ப பலகைச் சரிவுதான். எதுக்குன்னா... இருக்கட்டும், நீ வந்த வேலையப் பாப்போம். கையில என்ன பொட்டி? டோனட்டா? ஒரு டஜனா? அடேங்கப்பா! பத்தொம்பது வருஷம் உங்க ஆபீஸ்ல குப்ப கொட்டினேன், என்னப் போகச் சொன்ன அன்னிக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுக்க ஆளில்ல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேனேஜர் சாரே வீடு தேடி டோனட்டோட வந்துட்டாரு. அத வாசல்லயே வெச்சிடு தம்பி. கோவமெல்லாம் இல்லப்பா. இந்த வீட்டுக்குள்ள அது வேணாம், அவ்ளோதான். கரடி வராது, ஜனவரில அதுங்க தூங்கப் போயிடும்.

மிசஸ் கிவெலாவா? இது என்ன புது மரியாத? ஆர்லீன்னே கூப்பிடு. முதுகுக்குப் பின்னாடி என்னன்னு கூப்பிட்டீங்கன்னும் தெரியும், அதையும் வேணா கூப்பிட்டுக்க.

சரி, லேப்டாப்பத் திற. ஸ்கூல் பஸ் ரூட் போடுற ப்ரோக்ராம் புது சர்வர்ல இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது. அதான நீ ஃபோன்ல அழுதது? நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு பஸ்ஸு கிளம்பணும். ஆயிரத்து நூறு பிள்ளைங்க. குளிரு சைபருக்குக் கீழ இருவத்திரெண்டு டிகிரின்னு ரேடியோல சொல்லிட்டே இருக்கான். பழைய சர்வர் எங்க? வெள்ளிக்கிழமையே அழிச்சாச்சா? புதுசு ஓடுதான்னு பாக்காமயே? பலே கார்பின். புது வீட்டுச் சாவி கைக்கு வர்றதுக்கு முந்தியே பழைய வீட்ட இடிச்சிட்டு வந்து நிக்கிற.

படி, சத்தமா வேணாம், மெதுவா. வரைபடப் பேக்கேஜ் இல்லங்குதா? போடு. போட்டாச்சா? இப்ப என்ன, அந்த வரைபடத்துக்கு இன்னொண்ணு வேணுமாம்? அதையும் போடு. அதுக்கும் வேறொண்ணா? ஆமா, அப்படித்தான். கல்யாணத்துக்கு ஒருத்தரக் கூப்பிட்டா அவரு மச்சானக் கூட்டிட்டு வருவாரு, மச்சான் மூணு பிள்ளைங்களக் கூட்டிட்டு வருவான். எல்லாருக்கும் நாற்காலி போட்டாத்தான் முதல் ஆளு உக்காருவாரு.

வெர்ஷன் ஒத்துப்போகலியா? எதப் போட்ட? இருக்கறதுலயே புதுச. ஏன்? சும்மா, புதுசுன்னு. உங்க செட்டுக்கே இந்த வியாதி. ரெண்டு வருஷம் பழசா ஒண்ணு இருக்கும் பாரு, அதப் போடு. ஆங், ஏத்துக்கிச்சா? பழசுன்னா அவ்ளோ மோசமில்ல போல.

இப்ப கடைசியா ஒண்ணுல நிக்குதா? பேரு? மிட்டன். ம்ம். எங்கெங்க தேடின? கண்டவன் எழுதுனதெல்லாம் கிடைக்கிற எடத்துல இது மட்டும் கிடைக்கலியா? கிடைக்காது. அது நான் எழுதினது, குளிருக்குப் பிள்ளைங்க மாட்டிக்கிற கையுறை பேர வெச்சேன். மொத்தமே அறுவது வரி. குளிர் எவ்ளோ எறங்கினா ஒரு பிள்ள ஸ்டாப்புல எத்தன நிமிஷம் நிக்கலாம்னு கணக்குப் பாத்து, அதுக்குள்ள பஸ்ஸக் கொண்டாந்து நிறுத்தும். ஒரு பிப்ரவரில அஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு நாப்பது நிமிஷம் நின்னு, விரலெல்லாம் வெள்ள வெளேர்னு போச்சு. அந்த வாரம் இதே மேசைல உக்காந்து எழுதினேன்.

என்னது, அதக் கேக்குற வரியவே அழிச்சிட்டுப் பாத்தியா? ஐயோ கார்பின்! ஓடுச்சா? ஓடும், ஏன் ஓடாது. ஏரிக்கரை ஸ்டாப்புக்கு என்ன போட்டுச்சு? அம்பது நிமிஷமா? பசிக்குதுன்னு அழுற குழந்தை வாயில பிளாஸ்திரி ஒட்டிட்டு, பாருங்க பசி அடங்கிடுச்சுன்னு சொல்லியிருக்க நீ.

ஏன் எங்கயும் எழுதி வெக்கலன்னு கேக்குற. கேளு, அதுல என் தப்பும் இருக்கு. நான் இன்ஸ்டால் பண்ணிப் பாத்ததெல்லாம் என் மெசின்ல. அதுலதான் மிட்டன் முந்தியே குந்திட்டிருக்கே, இல்லன்னு எப்படிச் சொல்லும்? உங்க மெசினெல்லாம் என் மேசைக்கடில இருந்த பழுப்புக் கம்ப்யூட்டர்லேர்ந்து தானா எடுத்துக்கிச்சு. எப்பவும் இருக்கறத எவன் தேவைன்னு பட்டியல்ல எழுதறான், சொல்லு.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கன்னு நீ சொல்ல வேணாம். செப்டம்பர்ல கையில மஞ்சச் சீட்டு வெச்சிக்கிட்டு ஆபீஸச் சுத்தி வந்தியே. 'யாரும் பயன்படுத்தறதில்ல'ன்னு எழுதி, தூக்கிப் போட வேண்டியதுக்கெல்லாம் ஒட்டின. ஃபேக்ஸ் மெசினுக்கு ஒண்ணு, ஒடஞ்ச நாற்காலிக்கு ஒண்ணு, அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. அழகான கையெழுத்து உனக்கு. எனக்கு மட்டும் சீட்டு ஒட்டல, ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்ன. ஒண்ண எடுக்கறதுக்கு முன்னாடி அது மேல எதெல்லாம் சாஞ்சிருக்குன்னு காட்ட ஒரு கட்டளை இருக்கு தம்பி. ஒரே வரி. அடிச்சியா? தலைய ஆட்டாத, வாயத் திறந்து சொல்லு. அடிக்கல.

பயப்படாத, எங்கிட்ட ஒரு நகல் இருக்கு. அந்த நீல பிஸ்கட் டின்ன எடு. பிஸ்கட்டு ஏதுப்பா, அதுல எந்த வீட்ல பிஸ்கட் இருந்திருக்கு? நூல்கண்டுக்கு அடில பாரு, குண்டூசி குத்திடப் போவுது. அந்த பென் டிரைவ்தான், சொருகு. உனக்காகன்னு நெனச்சுக்காத. உனக்குன்னா இன்னும் ஒரு வாரம் அலைய விட்டு வேடிக்க பாத்திருப்பேன், சந்தோஷமா. ஏரிக்கரைல நிக்கப் போற பிள்ளைங்க எனக்கு ஒண்ணும் பண்ணல.

ஓடட்டும், அஞ்சு நிமிஷம் ஆகும். மறக்காம பட்டியல்ல மிட்டனையும் எழுது.

மெதுவாப் பேசுன்னு ஏன் சொன்னேனா? டுவேன் உள்ள தூங்கறாரு, என் வீட்டுக்காரரு. பாத்திருக்கியே, ஆபீஸ் பிக்னிக்ல உனக்கு மீன் பொரிச்சுக் குடுத்தாரே, அவருதான். அவருக்குச் சுகர், இருவது வருஷமா. இன்சுலின் என் ஆபீஸ் காப்பீட்டுலதான் வந்துட்டிருந்துச்சு. நான் வெளிய வந்தேனா, மாசக் கடைசில அதுவும் போச்சு. சொந்தமாக் கட்டலாம்னா எங்க வீட்டுத் தவணையவிட ஜாஸ்தி. வேற காப்பீடு இந்த ஜனவரிலதான் ஆரம்பிச்சுது. நடுவுல மூணு மாசம் இருந்த மருந்தப் பாதி பாதியாப் போட்டு ஓட்டியிருக்காரு, எங்கிட்ட மூச்சு விடல. மெசின் எவ்ளோ தேவல, எது இல்லன்னு செவப்பு எழுத்துல கத்துது. இந்த மனுஷன் இதே மேசைல எனக்கு எதுக்க உக்காந்துக்கிட்டு, நல்லாத்தான் இருக்கேன் ஆர்லீன்னு தெனமும் சொன்னாரு. நானும் நம்பினேன் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. டிசம்பர்ல எடுத்துட்டாங்க. எடது காலு, முட்டிக்குக் கீழ.

எதுக்கு எந்திரிக்கிற? உக்காரு, ஓடி முடியட்டும். வந்துடுச்சா? எல்லாம் ஆச்சுங்குதா? ஏரிக்கரை ஸ்டாப்பு எத்தன நிமிஷம்? ஆறு. ஆறு போதும், தாங்கிக்குங்க.

பூட்ஸப் போட்டுக்க. டோனட்ட மறக்காம எடுத்துட்டுப் போயிடு. வாசல்ல பாத்து எறங்கு, சர்ச்சுக்காரங்க போன வாரம்தான் அந்தப் பலகைய அடிச்சுக் குடுத்தாங்க, கைப்பிடி இன்னும் வெக்கல. சக்கர நாற்காலி நாளைக்குத்தான் வருது. வந்ததும் கேட்டியே, எதுக்குன்னு.