கல்லைச் சாய்ச்ச புங்கன்

எல்லா மரமும் நூல் புடிச்ச மாதிரி நிக்குது, இது மட்டும் ஏன் நடக்கற வழியில வந்து நிக்குதுன்னு தானே கேட்டீங்க? வெட்டிடலாம்னு வேற பேசிக்கறீங்களாம். கோடாலி தூக்கறதுக்கு முன்னாடி செத்த உக்காந்து கேட்டுட்டுப் போங்க.

ரொம்ப காலத்துக்கு முந்திங்க. சேலத்துக்கு ரயிலே வராத காலம். இந்தப் பூங்கா அப்போ பாவடி. தறியில ஏத்தறதுக்கு முன்னாடி நூலைப் பாவா நீளமா இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வெக்கற பொட்டல். பொட்டு நிழல் கெடையாது. நெசவுக்காரங்க தவிர யாரும் உள்ள வரக் கூடாதுன்னு எல்லைக்கல் வேற நட்டிருந்தாங்க.

அங்க சௌடப்பன்னு ஒருத்தர். எங்க பாட்டன் பூட்டனுக்கும் மூத்தவரு. அவரு தங்கச்சி நாகம்மா, ஏழு மாச வயித்தோட பாவு புடிச்சிட்டு நின்னவ, வெயில்ல சுருண்டு விழுந்துட்டா. அவ பொழைச்சா, வயித்துப் புள்ள பொழைக்கல. சௌடப்பனுக்கு மனசே ஆறலையாம். "இங்க மரம் வெக்காம எனக்குச் சோறு எறங்காது"ன்னுட்டாரு.

ஊரு விடுமா? "நிழல் விழுந்தா கஞ்சி எப்படிய்யா காயும்? பாவு நாறிப் போவும்"னு பெரியவங்க சொன்னாங்க. அதுவும் நியாயம் தானே. மரத்தை வெச்ச பின்னாடி நகத்த முடியாதே.

அவரு என்ன பண்ணாரு? மூங்கில் நட்டாரு. மூங்கில் தலையில தென்னங்கீத்தைக் கட்டுனாரு. அது தான் மரமாம்! நிழல் எங்க விழுதுன்னு பாத்தாரு. பாவு மேல விழுந்தா புடுங்குனாரு, தள்ளி நட்டாரு. "சௌடப்பன் தோப்புல மாங்கா எப்போ காய்க்கும்?"னு ஊரே சிரிச்சுதாம். சித்திரை போச்சு, ஆடி போச்சு, தையும் வந்துச்சு. நட்டாரு, பாத்தாரு, புடுங்குனாரு. கடைசியில வெயில் பாவுக்கு, நிழல் ஆளுக்குன்னு அமைஞ்சுது. ரெண்டே வரிசை. பெரியவங்களும் சரின்னுட்டாங்க.

ஒரே ஒரு மூங்கில் மட்டும் அடங்கல. காலங்காத்தால வந்து பாத்தா வரிசையை விட்டு எல்லைக்கல்லுக்கிட்ட நிக்குதாம். இழுத்துட்டு வந்து நடுவாரு. மறுநாளும் அங்கயே. "எவன்டா என் வரிசையில கை வெக்கறவன்?"னு விடிஞ்சும் விடியாம வந்து மறைஞ்சு நின்னாரு. பாத்தா, மூங்கிலைக் கட்டிப் புடிச்சு நகத்தறது நாகம்மா!

"உனக்காகத் தானேம்மா இத்தனையும்! நீயே கெடுக்கறியே?"

"அண்ணா, நான் விழுந்தன்னைக்கு நம்ம சனம் என்ன பண்ணுச்சு? பாவு அறுந்துரும்னு கையை விடாம நின்னுச்சு. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ன வெறகுக்காரி பூவாயி தான் கட்டைக் கீழ போட்டுட்டு ஓடியாந்து தண்ணி குடுத்தா. உள்ள வரலாமான்னு அவ கேட்டுட்டு நின்னிருந்தா இன்னைக்கு நான் இல்ல. அவ இன்னும் அங்க வெயில்ல தான் நிக்கறா. உன் நிழலும் கல்லோட நின்னுருச்சேண்ணா."

அவரு அந்தத் தடவை புடுங்கல. அந்த மூங்கிலைச் சுத்தி மண்ணை நல்லா மிதிச்சு இறுக்கிட்டுப் போயிட்டாரு. மழை வந்ததும் மூங்கில் நின்ன எடத்துல எல்லாம் கன்னு வெச்சாரு. மத்ததெல்லாம் வரிசையில, இந்தப் புங்கன் மட்டும் இங்க.

மரம் கல்லைக் கேட்டா வளரும்? ரெண்டு பக்கமும் நிழல் விழுந்துச்சு. பாவுக்காரங்களும் உக்காந்தாங்க, வெறகுக்காரங்களும் உக்காந்தாங்க. மொதல்ல மொறைச்சாங்க, அப்புறம் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மோர் வாங்கிக் குடிச்சாங்க. வேர் பருத்து, கல்லையே சாய்ச்சுப் போட்டுச்சு. தோ, செருப்பைக் கழட்டி வெச்சிருக்கீங்களே, அந்தக் கல்லு தான். பூங்காவுக்கு இந்தப் பக்கம் மட்டும் செவுரு இல்லாததும் அதனால தான்.

அதுல இருந்து இங்க எந்த மரம் வெக்கணும்னாலும் மொதல்ல மூங்கில் தான் நடுவோம். யாரு வேணா நகத்தலாம். யாரு நகத்துனதுன்னு கேக்கக் கூடாது, எதுக்கு நகந்துச்சுன்னு தான் பாக்கணும். போன வாரம் கேட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு நட்டோம். இன்னைக்குப் பாத்தா பஸ் ஸ்டாப் பக்கம் போய் நிக்குது. கீத்து நிழல்ல கைக்கொழந்தையோட ஒருத்தி நிக்கறா பாருங்க. கன்னு அங்க தான் வெக்கப் போறோம்.