செவ்வாய்க்கிழமைக் கட்டம்

— மாத்திரை டப்பாவுல செவ்வாய்க்கிழமைக் கட்டம் ஏன்டா திறக்கவே இல்ல?

— இன்னிக்குத்தானே செவ்வாய்?

— இன்னிக்கு வியாழன்.

— ஓ... ரெண்டு நாள் சொல்லாம கொள்ளாம போயிடுச்சா?

— விளையாடாத. புதன் காலி, வியாழன் காலி. செவ்வாய் மட்டும் அஞ்சு மாத்திரையும் அப்படியே கிடக்கு.

— மறந்திருப்பேன்க்கா.

— மூணு மாசத்துல ஒரு நாள் மறந்ததில்ல நீ. லேப்ல எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிட்டிருக்கேன், என் தம்பி மாத்திரை போடறதைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்திக்கலாம்னு.

— செவ்வாய்க்கிழமை கடிகாரம் நின்னு போச்சுன்னு வெச்சுக்கோ.

— ...தள்ளு. திரையை விலக்கறேன். மத்தியானம் ஒரு மணிக்கு ரூம் என்னடா இப்படி இருண்டு கிடக்கு?

— வேணாம்க்கா. கண்ணு கூசுது.

— கூசட்டும். வெயிலும் ஒரு மாத்திரைதான்.

— நீ ரத்தம் எடுக்கறவளா, மாத்திரை விக்கறவளா?

— உனக்கு அக்கா. அந்த வேலையிலதான் லீவே கிடையாது.

— அப்படின்னா அக்கா, இந்த மீன் எண்ணெய் மாத்திரையை மட்டும் நிறுத்திடலாம். ஏப்பம் விட்டா மீன் மார்க்கெட்டே வாயில வந்து நிக்குது.

— மூளைக்கு நல்லதாம்.

— மூளை என்ன சொல்லுதாம்? சரி சரி, முறைக்காத. மக்னீசியம் தூக்கத்துக்கு. ஜிங்க் மனசுக்கு. பி நரம்புக்கு. டி எல்லாத்துக்கும். எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எழுப்பவே வேணாம், முழிச்சுதான் இருப்பேன்.

— நேத்தும் தூங்கலையா?

— ஃபேன் இறக்கையை எண்ணினேன். மூணுதான் இருக்கு. அதுக்கு மேல எண்ண ஒண்ணுமில்ல.

— சாப்பிட்டியா?

— ம்.

— ‘ம்’னா எது?

— ம்னா இல்ல.

— இந்தா, சாப்பாட்டு டப்பாவைப் பிடி. ஆறிடுச்சு, பரவாயில்ல. நாலு வாயாவது சாப்பிடு... ஏன்டா, உன் டூல்ஸ் பை கட்டிலுக்கு அடியிலதானே கிடந்துச்சு? கதவுகிட்ட எப்படி வந்துச்சு?

— நான்தான் எடுத்தேன்.

— வேலைக்குப் போனியா! அட கள்ளா, சொல்லவே இல்ல பாரு! சூப்பர்வைசர் கூப்பிட்டாரா?

— யாரும் கூப்பிடல. முன்ன நான் சர்வீஸ் பார்த்த பழைய பில்டிங் ஒண்ணு. சும்மா போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

— மூணு மாசமா லிஃப்ட்டுன்னு பேச்செடுத்தாலே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்குவ. இரு, அம்மாவுக்கு இப்பவே போன் போடறேன். மெக்கானிக் கிளம்பிட்டார்னு சொன்னா தலைகால் புரியாது அவங்களுக்கு.

— போடாத.

— ஏன்டா?

— போடாதன்னா போடாத. தயவுபண்ணி.

— ...சரி. போடல. ஆமா, சேஃப்டி பெல்ட் ஆணியிலேயே தொங்குதே? தூசிகூடத் தட்டல. லிஃப்ட் கூண்டு மேல ஏறி நிக்கறவன் பெல்ட் இல்லாம வாசலைத் தாண்டக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவனாச்சே நீ.

— மேல ஏறற வேலை இல்ல. அதான்... ரிப்போர்ட் வந்துச்சா?

— எது?

— போன வாரம் எடுத்த ரத்தம். பக்கெட் ரொப்பி எடுத்துட்டு எதுன்னு கேக்கற.

— ரெண்டு ஸ்பூன் ரத்தத்துக்கு என்ன அலட்டல்! இன்னும் வரலடா. மெஷின் ரிப்பேர்.

— ஒரு வாரமாவா?

— பார்ட் வரணுமாம்.

— என்ன பார்ட்?

— எனக்கென்ன தெரியும்? நானா மெக்கானிக்கு? நீ சாப்பிடு.

— அக்கா, அந்த அலமாரிக் கதவைத் திற.

— எதுக்கு?

— திறயேன்.

— ...இதை எதுக்குடா இங்க ஒட்டி வெச்சிருக்க?

— என் முதல் ரிப்போர்ட். கட்டில்லேருந்து பார்த்தா நேரா தெரியும். டி ஒன்பது. பி பன்னெண்டு நூத்திப் பத்து. ரெண்டுக்கும் அடியில நீ சிவப்புப் பேனாவால கோடு போட்டிருக்க பாரு.

— பழசு. கிழிச்சுப் போடு.

— எப்படிக் கிழிப்பேன்? பார்க்கறவன் எல்லாம் என்ன கேட்டான்? உனக்கென்ன குறைச்சல்? கையில வேலை இருக்கு, உடம்புல ஒரு நோய் இல்ல, பொண்டாட்டி தொல்லைகூட இல்ல, உனக்கென்ன குறைச்சல்? எனக்குப் பதில் தெரியாது. செத்தும் சாகாம ஒருத்தன் சட்டை பட்டன் போடவே அரை மணி நேரம் உக்காந்திருக்கான், ஏன்னு கேட்டா அவனுக்கே தெரியாது. எவ்வளவு அசிங்கம் தெரியுமா?

— அசிங்கம் இல்லடா...

— நீதான் பதிலைக் கொண்டுவந்து கையில குடுத்த. இதுதான்டா குறைச்சல், எழுதியே இருக்குன்னு. அன்னிக்குத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. லிஃப்ட் நின்னா நாங்க லிஃப்ட்டைத் திட்டமாட்டோம். எந்தப் பார்ட் போச்சுன்னு பார்ப்போம், மாத்துவோம், ஓடும். என்னையும் அப்படிப் பார்க்கலாம்னு காட்டினது இந்தப் பேப்பர்தான். தினமும் காலையில இதைப் பார்த்துதான் காலைக் கீழ வைப்பேன்.

— போதும். விடு.

— அழறியா?

— தூசி. பெல்ட்டைத் தட்டினேன்ல.

— நீ தட்டவே இல்லக்கா. ஒண்ணு கேக்கறேன். உங்க லேப்ல ரிப்போர்ட் ரெடியானா கம்ப்யூட்டரே போனுக்கு மெசேஜ் அனுப்பும்ல?

— ஆமா. எல்லாருக்கும் போகும்.

— முதல் தடவை எனக்கு ஏன் வரல?

— அது... நெட் இல்லாம இருந்திருக்கும்.

— அப்படியா.

— ஆமாடா. அடிக்கடி... இரு. முதல் தடவைன்னா? இந்தத் தடவை வந்துச்சா?

— வந்துச்சு.

— எப்ப?

— செவ்வாய்க்கிழமை. பத்தே காலுக்கு. மாத்திரை போடத் தண்ணி எடுத்துட்டு வந்து உக்கார்றேன், போன் அடிக்குது.

— ஐயோ... கவுண்டர்ல அந்தப் பொண்ணு உன் நம்பரைப் போட்டுட்டாளா? எனக்குத் தோணவே இல்லையே!

— டி அறுபது. பி பன்னெண்டு தொள்ளாயிரம். இரும்பு, ஜிங்க், எல்லாம் நார்மல். வழியற அளவுக்கு ரொப்பியிருக்கு. ஒரு குறைச்சலும் இல்ல.

— தம்பி...

— அப்புறம் ஏன்க்கா என்னால எழுந்திருக்க முடியல?

— ...

— எல்லாப் பார்ட்டும் மாத்தியாச்சு. இன்னும் ஓடல. அதுக்கு மேல நாங்க என்ன செய்வோம் தெரியுமா? பழுது பார்க்க இயலாதுன்னு ஒரு சீட்டு எழுதி கதவுல ஒட்டிட்டு வந்துடுவோம்.

— வாயை மூடு! இன்னொரு தடவை அப்படிப் பேசினா பல்லைத் தட்டிடுவேன்.

— நானா பேசறேன்? உங்க லேப் மெஷின் பேசுது. ரிப்பேர்னு சொன்னியே, அதுதான்.

— அந்தப் பேப்பர் பொய்டா.

— எந்தப் பேப்பர்?

— அலமாரியில நீ ஒட்டியிருக்கறது. நான் அடிச்சது. ஒன்பதும் நூத்திப் பத்தும் என் கையால அடிச்சு பிரிண்ட் எடுத்தேன். உன் ரத்தத்தை என் பேர்ல மெஷின்ல போட்டேன். நீ பார்க்கறதுக்கு முன்னாடி நான் பார்த்துடணும்னு. மெசேஜ் என் போனுக்கு வந்துச்சு. அப்பவே எல்லாம் நார்மல்.

— எதுக்கு?

— வேற என்ன பண்ணச் சொல்ற என்னை? மனசுக்குப் பார்க்கற டாக்டர்கிட்ட போலாம்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேன். என்னைப் பைத்தியம்னு முடிவு கட்டிட்டியான்னு கேட்டு கதவைச் சாத்தினவன் நீ. நாலு நாள் பச்சைத் தண்ணி குடிக்கல. நம்பர் எழுதியிருந்தா நீ நம்புவன்னு எனக்குத் தெரியும். மீட்டரைப் பார்த்துப் பொழைக்கறவனாச்சே... ஏதோ ஒண்ணை முழுங்கிட்டு எழுந்து உக்காரட்டும், அப்புறம் மெதுவா கூட்டிட்டுப் போலாம்னு நினைச்சேன்.

— உக்காந்தேன்.

— உக்காந்த. குளிச்ச. முகம் மழிச்ச. எனக்கு அதுவே பெரிசா போச்சு. நாளைக்கு உண்மையைச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு மூணு மாசத்தை ஓட்டிட்டேன்.

— தெரிஞ்சா உன் வேலை போயிடுமே.

— போகட்டும். வீட்டுல உன் மாமா ரெண்டு நாள் கத்துவாரு, அப்புறம் அடங்கிடுவாரு.

— அப்ப நான் முழுங்கினது? தினமும் அஞ்சு, மூணு மாசம்...

— கெடுதல் ஒண்ணும் இல்ல. நிஜமாவே குறைஞ்சவங்களுக்கு அது உதவும். அவங்களுக்கும் டாக்டர் குடுக்கற மருந்துக்குப் பக்கத்துல நின்னு கைகுடுக்கும், அவ்வளவுதான். உனக்குத்தான் குறையவே இல்லையே. நல்லா இருந்த பார்ட்டையே நான் தினமும் மாத்திட்டிருந்திருக்கேன்டா. பழுது எதுலன்னு இன்னும் யாருமே திறந்து பார்க்கல. ஏதாவது பேசு. அடிக்கணும்னா அடி. இப்படிச் சும்மா உக்காராத.

— அப்ப அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே நிக்குது. உனக்கென்ன குறைச்சல்?

— அதைக் கேக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட போலாம். இன்னிக்கு நாலு மணிக்கு அந்த டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கியிருக்கேன். உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு கூட்டிட்டுப் போகணும்னுதான் பாதி நாள் லீவு போட்டு வந்தேன்.

— வந்ததும் மெஷின் ரிப்பேர்னு சொன்ன.

— உன் மூஞ்சியைப் பார்த்ததும் பயம் வந்துடுச்சு.

— போய் நான் அவர்கிட்ட என்ன சொல்றது?

— வாய்க்கு வர்றதைச் சொல்லு. நான் வெளியில பெஞ்சுல உக்காந்துக்கறேன். என் காதுல விழாது.

— விழக் கூடாதுக்கா. விழுந்தா நீ தாங்கமாட்ட.

— ...எல்லாம் நார்மல்னு தெரிஞ்ச பிறகும் புதன்கிழமை ஏன்டா மாத்திரை போட்ட?

— நீ வந்து மாத்திரை டப்பாவைப் பார்ப்பியே.

— அப்ப செவ்வாய்க்கிழமை? அன்னிக்கு மட்டும் நான் பார்ப்பேன்னு தோணலையா?

— தோணுச்சு. பார்த்தா பார்த்துக்கட்டும்னு...

— டூல்ஸ் பையை எடுத்துட்டுப் போனது செவ்வாய்க்கிழமைதானா?

— ம்.

— ‘ம்’னா எது?

— ம்னா ஆமா.

— பெல்ட்டை விட்டுட்டு.

— ம்.

— எத்தனை மாடிடா அது?... சொல்லு. நான் தாங்குவேன். எத்தனை மாடி?

— பன்னெண்டு. லிஃப்ட்டோட மெஷின் ரூம் அதுக்கும் மேல. திறந்து உள்ள போயிட்டேன்க்கா... அந்த நேரம் பார்த்து லிஃப்ட் நடுவுல நின்னு போச்சு. உள்ள ஒரு அம்மா. தட்டு தட்டுன்னு தட்டறாங்க, யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களான்னு. யாரும் இல்ல. நான்தான் இருந்தேன். கையால சக்கரத்தைச் சுத்தி கூண்டை இறக்கினேன், கீழ ஓடிப்போய் கதவைத் திறந்து விட்டேன். இவ்வளவு நேரமா மேல என்னய்யா பண்ணிட்டிருந்தன்னு திட்டிட்டுப் போனாங்க. மறுபடி மேல ஏறவும் முடியல, நடந்தே வந்துட்டேன். நாலு மணிக்கு வர்றேன்க்கா. ஆனா அந்த மெஷின் ரூம் சாவி இன்னும் என் பாக்கெட்லதான் இருக்கு. நேத்து ரெண்டு தடவை கையில எடுத்துப் பார்த்தேன். இந்தா, பிடி. நானே வந்து கேட்டாலும் குடுக்காத.