கருவாலியை நிக்க வச்ச சுயம்புக்கனி

தேரியில ரோடுன்னு ஒண்ணு இல்லாத காலம். செம்மண்ணு காத்தோட போயி இடம் மாத்தி மாத்திக் குமியும். நேத்து இருந்த மேடு இன்னைக்கு அங்க இருக்காது. அந்தக் காலத்துல குருத்துவிளைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல சுயம்புக்கனின்னு ஒருத்தி. அவளுக்குப் பிள்ளை கிடையாது. எங்க வளவுக்காரங்க எல்லாரும் அவ தங்கச்சி வழியில வந்தவங்க.

அவ புருசன் மாசானம் பனையேறி. ஒரு மழைநாளுல மரம் வழுக்கி மேலயிருந்து விழுந்தான். உயிரு நின்னுச்சு. இடுப்புக்குக் கீழ செத்துப்போச்சு. வைத்தியரு வந்தாரு. காலைத் தடவுனாரு, எண்ணெய் சொன்னாரு, தெய்வக் குத்தம்னாரு, ஒரு சேவலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போனாரு. மூணாம் நாளு மாசானத்துக்கு அடிவயிறு கல்லு மாதிரி வீங்கிப்போச்சு. ஒண்ணுக்குப் போகல. போகணுங்கிற நெனப்பே அவனுக்கு வரல. வைத்தியருக்கு அது தெரியல. விழுந்து கெடக்குறவனுக்குக் காலு மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சிட்டாரு போல.

அந்த வழியா சங்கு யாவாரத்துக்குப் போன ஒரு கிழவருதான் நின்னு பாத்து, அடிவயித்துல கையை எப்பிடி வைக்கணும், எப்பிடி அமுக்கணும், எப்ப நிறுத்தணும்னு சுயம்புக்கனிக்குக் காட்டிக் குடுத்தாராம். ரெண்டு வருசம் அவ அதைச் செஞ்சா. காலையில, உச்சியில, சாயங்காலம். ஆனா முதுகுல புண்ணு வரும், புரட்டிப் புரட்டிப் போடணும்னு அந்தக் கிழவரு சொல்லாமப் போயிட்டாரு. புண்ணு வந்திச்சு. அந்தப் புண்ணுலதான் மாசானம் செத்தான். இதை அவ கடைசிவரைக்கும் மறக்கலன்னு சொல்லுதாவ.

இனிப் பண்ணையாரு கதைக்கு வாரேன்.

பேரு சொரிமுத்துப் பண்ணையாரு. அவரு மீசையை முறுக்கி விட ஒரு ஆளு, அந்த மீசை நல்லாருக்குன்னு சொல்ல நாலு ஆளு. வேட்டைக்குப் போவாரு. சுடுறது வேற ஆளு. முயலைக் காதைப் பிடிச்சித் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள வாரது மட்டும் அவரு. அவருகிட்ட ஒரு வேட்டை நாயி இருந்திச்சு. உடம்பு பூரா வெள்ளை, வாலு மட்டும் கருப்பு. கருவாலின்னு பேரு. முயலு பிடிச்சதெல்லாம் அதுதான்.

ஒரு நாளு பண்ணையாருக்கும் பக்கத்தூருப் பண்ணையாருக்கும் வில்வண்டிப் போட்டி. ரெண்டு பெரிய மனுசங்க, வெயிலுல, மாட்டை அடிச்சி ஓட்டிக்கிட்டு, யாரு முந்தின்னு. கருவாலி வண்டிக்குக் கூடவே ஓடியாந்திச்சு. வளைவுல பண்ணையாரு மாட்டை ஒடிச்சித் திருப்புனாரு. சக்கரம் நாயி முதுகு மேல ஏறி எறங்கிச்சு. அவரு நிறுத்தல. போட்டியில அவருதான் செயிச்சாராம். செயிச்சி என்னத்த வாங்குனாருன்னு கேட்டா, ஒரு மாலை.

தலையில கருப்பட்டிக் கடகப்பெட்டியோட அந்த வழியா வந்துக்கிட்டிருந்த சுயம்புக்கனி இதைக் கண்ணால பாத்தா. நாயி முன்னங்காலை ஊணி ஊணி, பின்னுடம்பை மண்ணுல இழுத்துக்கிட்டு, வண்டி போன தெசைக்கே போச்சாம். அவரு பின்னாலயே.

சாயங்காலம் பண்ணையாரு ஆளனுப்பி நாயைத் தூக்கிட்டு வரச் சொல்லிப் பாத்தாரு. பாத்துட்டுச் சொன்னாரு: "காலு வராதுல்லா? தேரியில கொண்டு போட்டுருங்கலே. நரி பாத்துக்கிடும்." ஊருக்குள்ள என்ன சொன்னாரு தெரியுமா? காட்டுப்பன்னி முட்டிருச்சுன்னாரு. தன்னைக் குத்த வந்த பன்னிக்குக் குறுக்க விழுந்து நாயி அடிபட்டுதுன்னாரு. கேட்டவன் எல்லாம் ஆமாம்னான். தேரியில அந்த வருசம் பன்னியே கிடையாது. அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாளு காலையில சேதி கேட்டுச் சுயம்புக்கனி தேரிக்குப் போனா. கருவாலி ஒரு கொல்லாமரத்து நிழலுல கெடந்திச்சு. இவளைப் பாத்து உறுமிச்சு. இவ பக்கத்துல உக்காந்தா. பின்னங்காலு வெரலை எடுத்து நகத்தால அழுத்திக் கிள்ளுனா. நாயி தலையைத் திருப்பி அவ கையைப் பாத்திச்சு. மெதுவா முனகிச்சு.

அங்கனயே அவ இன்னொரு தடவ கிள்ளிப் பாத்தாளாம். ஏன்னா மாசானத்துக் காலை இடுக்கியால பிடிச்சிக் கிள்ளியும் அவன் கூரையைப் பாத்துக்கிட்டுக் கெடந்தவன். இதுக்குத் தெரியுது. உள்ளுக்குள்ள எங்கயோ ஒரு நூலு அந்து போகாம இருக்கு. அப்பிடித்தான் அவ நெனச்சா. பெறகு அடிவயித்துல கையை வச்சா. கல்லு. உள்ளங்கையை ரெண்டு பக்கமும் குடுத்து, பின்னுக்குத் தள்ளி, மெதுவா அமுக்குனா. போச்சு. போயிக்கிட்டே இருந்திச்சு. நாயி கண்ணை மூடிக்கிடுச்சு.

கடகத்துல தூக்கி வச்சி வீட்டுக்குக் கொண்டாந்தா.

ஊரு சிரிச்சிச்சு. நம்ம ஊரு ஆளுகளுக்கு வேற என்ன தெரியும். கிணத்தடியில நின்னு ஒருத்தி கேட்டாளாம், "ஏ மைனி, அண்ணனுக்குப் பிடிச்சி விட்ட கை சும்மா இருக்க மாட்டேங்குதாக்கும்?" சுயம்புக்கனி குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டுச் சொன்னா, "ஆமா. நீ விழுந்தாலும் வருவேன். இந்த வாயைத்தான் என்ன செய்யன்னு தெரியல." அதுக்கப்புறம் அந்தப் பொம்பள அவ இருக்கையில தண்ணிக்கு வரலன்னு சொல்லுதாவ.

அவ செஞ்சதைக் கேளுங்க. காலையில, உச்சியில, சாயங்காலம் வயித்தை அமுக்கி விட்டா. புண்ணு வரக் கூடாதுன்னு பொடிமண்ணைச் சலிச்சிப் பரத்தி, மேல பழைய சீலையை மடிச்சிப் போட்டுப் படுக்க வச்சா. பொழுதுக்கும் புரட்டிப் போட்டா. காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி. பாதம் மடிஞ்சி மண்ணுல உரசி ரத்தம் வந்திச்சு. அதுக்கு ஓலையில செருப்பு முடைஞ்சி கட்டுனா. கிழக்க ஒரு சுனை உண்டு. நாயி இடுப்புல சீலையைக் கட்டித் தூக்கிப் பிடிச்சி அந்தத் தண்ணிக்குள்ள விட்டா. முன்னங்காலு நீந்தும், பின்னங்காலு சும்மா மெதக்கும்.

ரெண்டு மாசம் போச்சு. ஒண்ணும் ஆகல. ஒரு நாளு அவளுக்கே வெறுத்துப் போச்சாம். நாயி மேல வெறுப்பில்ல. தன் மேலதான். செத்தவனுக்குச் செய்யாம விட்டதை நாயிக்குச் செஞ்சி என்னத்தச் சரிக்கட்டப் போறோம்னு தேரி மண்ணுல உக்காந்து அழுதா. அழுதுக்கிட்டே கையால மண்ணைத் தோண்டுனா. தோண்டத் தோண்ட உள்ள வெதுவெதுன்னு இருந்திச்சு. அப்பத்தான் தோணிச்சு அவளுக்கு. நாயி தோள் உசரத்துக்குக் குழி தோண்டி, அதுக்குள்ள அதை நிக்க வச்சி, நெஞ்சு மட்டத்துக்கு மண்ணைத் தள்ளி மூடுனா. நாலு காலும் நேரா நின்னுச்சு. மண்ணு நாலு பக்கமும் தாங்கிக்கிடுச்சு. அடிபட்ட பெறகு அன்னைக்குத்தான் கருவாலி நின்னபடி தூரத்தைப் பாத்திச்சு. சுத்திச் சுத்திப் பாத்திச்சாம். இவ எதுக்க உக்காந்து அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தா.

தெனமும் குழி. தெனமும் சுனை. நாலாம் மாசம் தண்ணிக்குள்ள ஒரு காலு உதைச்சிச்சு. அஞ்சாம் மாசம் வாலு ஆடிச்சு. ஏழாம் மாசம் எந்திரிச்சிச்சு. கள்ளுக் குடிச்சவன் மாதிரி ஆடி ஆடி, பின்னுடம்பு ஒரு பக்கம் போக முன்னுடம்பு ஒரு பக்கம் போக, நடந்திச்சு. ஆனா ஒண்ணு, மூத்திரம் மட்டும் தானாப் போக வரல. அதை அவதான் அமுக்கி விடணும். மூணு வேளையும்.

இந்த நேரத்துல வெள்ளைக்காரத் துரை ஒருத்தரு தேரிப் பக்கம் முகாம் போட்டாரு. பண்ணையாரு போயி மாலை போட்டு, பன்னிக் கதையைச் சொன்னாரு. இப்பப் பன்னி ரெண்டாயிருச்சு. துரை, "அந்த நாயை நான் பாக்கணுமே"ன்னுட்டாரு. பண்ணையாரு வேர்த்துப்போயி வீட்டுக்கு வந்தாரு. நாயி நடக்குதுன்னு கேள்விப்பட்டாரு. ஆளனுப்புனாரு. சுயம்புக்கனி குடுக்க முடியாதுன்னா. ஊரைக் கூட்டுனாரு.

மந்தையில ஒரு நீளக் கல்லு உண்டு. நாலு பெரியவங்க அதுல உக்காந்து ஞாயம் சொல்லுவாவ. அன்னைக்கும் உக்காந்தாவ. நடுவுல ஊர்த்தலைவரு முப்பிடாதி. பக்கத்துல, ஞாயம் கேக்க வந்தவரும் அதே கல்லுலதான், பண்ணையாரு. சுயம்புக்கனி எதுக்க நின்னா. கருவாலியும் நின்னுச்சு, ஆடிக்கிட்டே.

முப்பிடாதி கேட்டாரு, "ஏ சுயம்புக்கனி, நாயி பண்ணையாரைய்யாவோடதுதான?"

"தேரியில நரிக்குப் போட்ட நாயி அய்யா. நான் எடுத்தேன்."

"அவுக பன்னிக்கிட்ட அடிபட்ட நாயைக் காத்தாட விட்டிருக்காவ. நீ தூக்கிட்டுப் போயிட்ட."

அவ பண்ணையாரைப் பாத்தா. "பன்னிக்கு இரும்புப் பட்டையும் ஆரக்காலும் எந்த ஊருல இருக்கு பண்ணையாரைய்யா? நான் அந்த வளைவுலதான் நின்னேன். சக்கரம் ஏறி எறங்கினதைப் பாத்தேன்."

பண்ணையாரு மீசையைத் தடவுனாரு. "ஏட்டி, சக்கரமோ பன்னியோ, நாயி எனக்குள்ளது. குட்டியில சோறு போட்டவன் நான்."

நாலு பெரியவங்களும் ஒண்ணு போல தலையை ஆட்டுனாவ. கல்லுல உக்காந்திருக்கும்போது கழுத்து அப்பிடித்தான் ஆடும் போல.

சுயம்புக்கனி குனிஞ்சி நாயி வயித்தைத் தொட்டுப் பாத்தா. பெறகு சொன்னா, "சரி. உங்க நாயின்னா கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு உச்சிப் பொழுது ஆயிருச்சு. அதுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்கி. தானாப் போகாது. பிடிச்சி விடணும். விடலன்னா நாலு நாளுல சாகும். உங்க நாயிக்கு நீங்க பிடிச்சி விடுங்க. நான் பாத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

பண்ணையாரு வண்டிக்காரனைப் பாத்தாரு. "லே, போயி அமுக்கு."

"வண்டிக்காரரு கேக்கல நாயை," அவ சொன்னா. "கேட்டவங்கதான் செய்யணும்."

ஊரு பூராவும் பண்ணையாரு கையைத்தான் பாத்திச்சு. எந்திரிச்சாரு. சரிகை வேட்டியை ஏத்திக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு. ரெண்டு வெரலை மட்டும் நீட்டி, அடுப்புல கெடக்குற கங்கைத் தொடுத மாதிரி, நாயி நெஞ்செலும்புல தொட்டாரு. வயிறு எங்க இருக்குன்னே மனுசனுக்குத் தெரியல. ஏழு வருசம் கூடவே ஓடுன நாயி. கருவாலி கடிக்கல, உறுமல. திரும்பி அவரை மோந்து பாத்துட்டு, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிடுச்சு. அதைத்தான் எங்க ஆளுக சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ.

"நாறுது இது," பண்ணையாரு சொன்னாரு. வெரலை வேட்டியில தொடைக்கவும் முடியல, தொடைக்காம இருக்கவும் முடியல. "இந்தச் சீக்குப் பிடிச்ச சனியன் எனக்கு எதுக்கு?" திரும்பிப் பாக்காம வண்டியில ஏறிட்டாரு.

நாலு பெரியவங்க இன்னும் கல்லுலதான் உக்காந்திருந்தாவ. ஒரு ஞாயமும் சொல்லல. சுயம்புக்கனி அங்கனயே மண்டி போட்டா. நாயி கல்லைப் பாத்து நின்னுச்சு. அவ அதைத் திருப்பல. ரெண்டு உள்ளங்கையும் குடுத்து மெதுவா அமுக்குனா. காலையிலயிருந்து நெறஞ்சது. மண்ணுல விழுந்து, சரிவுல ஓடி, கல்லு அடிக்கு வந்திச்சு. முப்பிடாதி ஒரு காலைத் தூக்குனாரு. பெறகு அடுத்த காலு. ஒருத்தரு பின்னால ஒருத்தரு எந்திரிச்சாவ. நாலு பேரும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, அவ வேலை முடியுத மட்டும் நின்னாவ. அவ முடிச்சா. நாயி வயித்தைச் சீலையால தொடைச்சா. ஆடி ஆடி நடந்த நாயோட வீட்டுக்குப் போனா.

துரைக்குப் பண்ணையாரு என்ன காட்டுனாருன்னு கேப்பீக. வேற ஒரு வெள்ளை நாயைப் பிடிச்சி, வாலுல அடுப்புக்கரியைத் தேச்சி அனுப்புனாராம். துரை வாலைத் தடவிப் பாத்துட்டு, கையைப் பாத்துட்டு, பண்ணையாரைப் பாத்தாராம். அதோட அந்த வீட்டுல பன்னிக் கதை நின்னு போச்சு.

கருவாலி பெறகு ஆறு வருசம் இருந்திச்சு. மூணு வேளையும் அவதான். ஒரு புண்ணு வரல. சாகும்போது அவ மடியில தலை வச்சி, தூங்கினாப்புலதான் செத்திச்சாம். அன்னைக்கு ராத்திரிதான் மாசானம் பேரைச் சொல்லி அவ வாய்விட்டு அழுதான்னு சொல்லுதாவ. அவன் பேரைச் சொல்லி அதுவரைக்கும் அவ அழுததே இல்ல.

அன்னையிலயிருந்து குருத்துவிளையில ஞாயம் சொல்லுதவங்க யாரும் உக்காரக் கூடாது. எத்தனை பெரிய ஆளானாலும் நின்னுக்கிட்டுத்தான் சொல்லணும். காலு வலிச்சா சீக்கிரம் சொல்லிட்டுப் போகட்டும். அந்தக் கல்லு மந்தையில இன்னும் கெடக்கு. நாய்க்கல்லுன்னு பேரு. வெளியூருலயிருந்து யாராவது பெரிய மனுசரு வந்து, வேட்டியை ஒதுக்கி, அதுல போயி உக்காருவாரு. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். உக்காரட்டும்.