முதலாளியை நிறுத்தியவள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்பவள். அவள் சொன்ன ஒரு வார்த்தையில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நேத்து எங்க முதலாளியையே மிஷின்கிட்ட விடலக்கா."

"அய்யோ! ஏன்டி?"

"தோள்ல துண்டு தொங்குது. மிஷின்ல சிக்குச்சுன்னா ஆளையே உள்ள இழுத்துரும். 'துண்ட எடுத்துட்டு வாங்க'ன்னு குறுக்க கைய நீட்டிட்டேன். அவருகூட வெளியூரு ஆளுங்க வேற இருந்தாங்க."

"வேல போச்சுன்னு நெனச்சிருப்ப."

"ஆமாக்கா. ஆனா அவரு துண்ட எடுத்து வெளிய வெச்சாரு. எல்லாரையும் கூப்ட்டு, 'தப்பு என்னுதுதான். இனிமே யாரா இருந்தாலும் இப்பிடித்தான் நிறுத்தணும்'னாரு."

"பெரிய மனசுதான்."

"அதோட முடியலக்கா. எங்ககூட வேல செய்யற, வாயே தொறக்காத மேரி முன்னால வந்து, 'பல்சக்கரத்து மூடி மூணு நாளா ஆடுதுங்க'ன்னா. அப்பவே மிஷின நிறுத்திட்டாங்க. 'ஏம்மா இத்தன நாளா சொல்லல?'ன்னு கேட்டாரு."

"அதுக்கு என்னா சொன்னா?"

"'இன்னிக்குத்தாங்க சொல்லலாம்னு தோணுச்சு'ன்னா."