முப்பதும் மூணு மில்லியும்

ஹர்ஷிணி: ...நாலு மாடிச் சுவருங்க! வரைஞ்சிருக்கற அந்தம்மா மூக்குத்தி மட்டும் ஒரு ஜன்னல் அளவு இருக்குது. ஏனுங்க, மேல பாருங்க.

சசிதர்: பார்த்தேன், பார்த்தேன்.

ஹர்ஷிணி: எங்க பார்த்தீங்க? வந்ததுல இருந்து கையில இருக்கற நோட்டீஸத்தான் பாக்கறீங்க.

சசிதர்: நல்லாத்தான் இருக்குது. அத்தன உசரத்துல தொங்கிட்டு, ரெண்டு கண்ணையும் ஒரே மட்டத்துல எப்படி வரைஞ்சாங்களோ!

ஹர்ஷிணி: ஆரம்பிச்சுட்டீங்களா... இரும்பு வார்க்கற பவுண்டரிக்காரரைக் கூட்டிட்டுச் சுவர் ஓவியம் பாக்க வந்தா இப்படித்தான். படத்துலயும் மட்டம் பாக்கோணும்.

சசிதர்: நீ எங்க கூட்டிட்டு வந்த? கூப்பிட்டது நானு.

ஹர்ஷிணி: அதுதானே எனக்குப் புரியல. கல்யாணமாயி பதினோரு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை நீங்களா வெளிய கூப்பிட்டதில்ல... அட, இந்தச் சந்து பூராக் கடையா?

சசிதர்: கைவேலைக் கடைங்க. கடைசிக்குப் போலாம், வா.

ஹர்ஷிணி: இருங்க! இந்தக் கூடையப் பாருங்க. பனியன் வெட்டுத்துணியில பின்னியிருக்கறாங்க. திருப்பூர்ல மூட்டை மூட்டையாத் தூக்கிப் போடறதுங்க இது. என்ன நேர்த்தி... ஏனுங்க, எங்க ஓடறீங்க?

சசிதர்: இருபத்திரெண்டு... இருபத்திமூணு. இதுதான்.

ஜாஹிதா: வாங்க சார், வாங்கக்கா. எடுத்துப் பாருங்க. எல்லாம் தேக்குங்க. கையில செதுக்குனது.

ஹர்ஷிணி: ஐயோ, ரயிலு! இஞ்சினோட சேத்து ஆறு பெட்டி. சக்கரமெல்லாம் சுத்துது! ஓரத்தத் தொட்டுப் பாருங்க, வழுவழுன்னு... யாரு அம்மணி செஞ்சது?

ஜாஹிதா: எங்கண்ணனுங்க.

சசிதர்: அண்ணனா?

ஜாஹிதா: ஆமாங்க சார். பேரு ஆரிஃப். பவுண்டரிக்கு மரத்துல மாதிரி செதுக்கறவரு. பேட்டர்ன்னு சொல்லுவாங்க. அதை மணல்ல பதிச்சு எடுத்து, அந்தக் குழியில இரும்பக் காச்சி ஊத்துவாங்க. ஏதாச்சும் ஒரு பேட்டர்ன் ஷாப்புல வேலை கிடைச்சாப் போதுமுங்க. அது வரைக்கும் இந்த பொம்மைதான்.

ஹர்ஷிணி: அட, எங்கூட்டுக்காரரே...

சசிதர்: பம்பு வியாபாரமுங்க. சும்மா, சின்னதா.

ஹர்ஷிணி: ஏனுங்க!

சசிதர்: நீ ரயிலப் பாரு.

ஹர்ஷிணி: பாக்கறேன், பாக்கறேன்... ஏம்மா, இந்த டப்பா மூட மாட்டேங்குதே?

ஜாஹிதா: அது... கொஞ்சம் அமுக்குங்கக்கா.

ஹர்ஷிணி: அமுக்குனா அட்டை கிழிஞ்சுபோகும். கடைசிப் பெட்டி தூக்கிட்டு நிக்குது பாரு.

ஜாஹிதா: ரப்பர் பேண்டு போட்டுத் தாரேனுங்க. டப்பா ரெடிமேடா வாங்குனது. முப்பது சென்டிமீட்டருன்னு கேட்டுத்தான் வாங்குனேன். பெட்டி ஒண்ணு அஞ்சு, ஆறு பெட்டி முப்பது... டப்பாக்காரங்க ஏமாத்திப்போட்டாங்க.

சசிதர்: ஒரு நிமிஷம். சாவிக்கொத்துல டேப்பு இருக்குது.

ஹர்ஷிணி: இந்தக் கூட்டத்துல டேப்போட வந்த ஒரே ஆளு நீங்கதானுங்க.

சசிதர்: டப்பா சரியா முப்பது. ரயிலு முப்பதும் மூணு மில்லியும். இன்னொரு செட்டு குடுங்க... இதுவும் மூணு. அந்தச் செட்டு? அதுவும் மூணு!

ஹர்ஷிணி: அப்பத் தப்புதானே?

சசிதர்: இத்தன சரியாத் தப்புப் பண்ண எல்லாராலயும் முடியாது, ஹர்ஷிணி. ஊத்துன இரும்பு ஆறுனா சுருங்கும். நூத்துக்கு ஒண்ணு. அதனால மாதிரி செய்யறவங்க ஸ்கேலே கொஞ்சம் நீளமா இருக்கும். அதுல முப்பதுன்னா, நம்ம டேப்புல முப்பதும் மூணு மில்லியும்.

ஜாஹிதா: ஐயோ, ஆமாங்க... ஊட்டுல இருக்கறது அந்த ஒரே ஸ்கேலு. எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

ஹர்ஷிணி: உனக்கா?

ஜாஹிதா: அண்ணனுக்குங்க.

ஹர்ஷிணி: அப்ப இந்த ரயிலு சுருங்கறதுக்காகக் காத்துட்டு இருக்குது!

சசிதர்: சிரிக்காத. பக்கத்தப் பாரு. மேல வர வர லேசாச் சாய்வு. மணல்ல இருந்து உருவும்போது ஓரம் உடையாம வரோணுமில்ல, அதுக்கு. பொம்மைக்கு எதுக்கு இதெல்லாம்? கை பழகிப்போச்சு. இருபது வருஷமா பேட்டர்ன் பாக்கறேன். இப்படி ஒரு சுத்தம்...

ஜாஹிதா: பம்பு வியாபாரம்னீங்களே சார்?

சசிதர்: ...பம்பும் இரும்புதானுங்க. ஒண்ணு கேக்கட்டுமா? உங்கண்ணன் இதே ஸ்கேல்ல ஸ்டீலுக்கும் செய்வாரா?

ஜாஹிதா: ஆகாதுங்க. ஸ்டீலு நூத்துக்கு ரெண்டு சுருங்கும். அதுக்கு வேற ஸ்கேலு வேணும்.

சசிதர்: அண்ணனக் கேக்காமயே சொல்லிட்டீங்க.

ஜாஹிதா: ...பக்கத்துல இருந்து பார்த்ததுதானுங்க.

ஹர்ஷிணி: பார்த்ததுக்கா கட்டைவிரல்ல இத்தன உளித்தழும்பு, கண்ணு?

சசிதர்: நீ இரு. ஏனுங்க, எனக்குத் தெரிஞ்ச பவுண்டரியில பேட்டர்ன் ஷாப்புக்கு ஆள் வேணும். நாளைக்குக் காலையில எட்டரைக்கு உங்கண்ணன வரச்சொல்லுங்க.

ஜாஹிதா: நாளைக்கேவா!

சசிதர்: நாளைக்கே. ஆனா அவரே வந்து, முன்னாடி நின்னு செதுக்கிக் காட்டோணும்.

ஜாஹிதா: ...அண்ணன் வரமாட்டாருங்க.

ஹர்ஷிணி: ஏன் கண்ணு? வேலை கிடைச்சாப் போதும்னியே?

ஜாஹிதா: அண்ணனே இல்லீங்கக்கா. எங்கூட்டுல நான் ஒத்தப் பொண்ணு. செதுக்குனதெல்லாம் நான்தானுங்க. எங்கத்தா பட்டறையில பன்னண்டு வருஷம் வேலை செஞ்சிருக்கறேன்.

ஹர்ஷிணி: அதைச் சொல்றதுக்கென்ன?

ஜாஹிதா: போன வாரம் வரைக்கும் சொல்லிட்டுத்தான் இருந்தேனுங்க. நான் செஞ்சதுன்னா திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க, எங்க தப்பு இருக்குதுன்னு. இன்னைக்குக் காலையில இருந்து அண்ணன்னு சொல்றேன். நாலு ரயிலு போயிருச்சு.

ஹர்ஷிணி: போன வாரம் என்னாச்சு?

ஜாஹிதா: ஒரு பவுண்டரிக்கு வேலை கேட்டுப் போனேன். பம்புக்குள்ள சுத்தித் தண்ணியத் தள்ளற சக்கரம், இம்பெல்லரு, அதுக்கு ஒரு பேட்டர்ன் செஞ்சு, பொட்டலம் கட்டிக் கேட்ல குடுத்தேன். வாட்ச்மேன் உள்ள போன் போட்டாரு. பேட்டர்ன் ஷாப்புல பொம்பளைங்கள வெக்கறதில்லன்னு சொல்லச் சொன்னாங்களாம். பிரிச்சுக்கூடப் பாக்கலீங்க. வந்த கோவத்துல அதை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன்.

ஹர்ஷிணி: எவன் அவன்? ஆளையும் பாக்காம, வேலையும் பாக்காம! ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச பவுண்டரியிலயாச்சும் அப்படிச் சொல்லாம இருப்பாங்களா? ...என்னங்க, அந்த நோட்டீஸ எதுக்கு அவகிட்ட நீட்டறீங்க?

சசிதர்: அன்னைக்குச் சாயங்காலம் பிரிச்சுப் பார்த்தேனுங்க. மூணு நாளா டேப்பு வெச்சுத் தேடியும் அதுல ஒரு தப்பு கிடைக்கல. பொட்டலம் சுத்துன நோட்டீஸு இதுதான், உங்க பேரும் கடை நம்பரும் இதுல இருந்துச்சு. நாளைக்கு எட்டரைக்கு நீங்க வாங்க, ஜாஹிதா. கேட்ல நானே நிக்கறேன். அன்னைக்குப் போன்ல அப்படிச் சொன்னதும் நான்தானுங்க.